கூடம் நேராகத்தான் இருந்தது

முதலில் முக்காலி வைத்துப் பார்த்தேன்.
அதன் மூன்றாவது கால்
என் முழங்காலோடு ஓயாமல் தகராறு.
பிறகு ஒரு மைக் தாங்கியைக் கிடையாகத் திருப்பி
மறுமுனையில் இரண்டு கிலோ மாவுப் பையைக் கட்டினேன்.
பை மெல்ல மெல்ல இறங்க
கேமரா மெல்ல மெல்ல
என்னை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியது.

வேறு வழியில்லை, கூரைதான்.
பட்டாணித் தெருவின் இந்த மரவீட்டில்
உத்தரத்துக்கு நூறு வயதாவது இருக்கும்.
திருகாணி பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது.

தார்த்துவில் ஜனவரி.
நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம்
கடையைக் கட்டிவிடுகிறது.
இடப்பக்கம் ஒரு விளக்கு, வலப்பக்கம் ஒரு விளக்கு.
ஒன்றோடு நிறுத்தினால்
கோடு விழப்போகும் இடத்தில்
கையின் நிழல் முன்பே போய்ப் படுத்துக்கொள்கிறது.

அருங்காட்சியகத்தார் கேட்டது
ஓர் ஆற்று மீனின் கீழ்த்தாடை.
ஓவியம் மட்டும் போதாதாம்,
அது உருவாவதையும் பார்க்க வேண்டுமாம் பிள்ளைகள்.

முதல் பதிவு: பன்னிரண்டு நிமிடம்
என் உச்சந்தலை.
வகிடு இவ்வளவு அகன்றுவிட்டதை
எந்தக் கண்ணாடியும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாவதில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு
எட்டாத தட்டில் சாப்பிடுகிறவள்போல் வரைந்தேன்.
மேலிருந்து பார்த்தால்
கை யாருடையதாகவும் இருக்கலாம்.
மேஜைமேல் ஏறிவந்த
ஏதோ ஒரு பிராணி.

ஆனால் படம் ஆடியது.
தாள், பென்சில், ரப்பர் துகள், மேஜை விளிம்பு
எல்லாம் சேர்ந்து துள்ளின,
நின்றன,
மறுபடி துள்ளின.

என் கூரை ஹெல்தூருடைய தரை.
பஸ் டிப்போவில் மெக்கானிக்,
நாலரைக்கு வருவார், பூட்ஸோடு.

போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.
கோபமாகத்தான் போனேன்.
அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
மீனைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார்.
'இது பையை வைத்தது.
இது ஃபிரிட்ஜ்வரை போனது.
இது திரும்பியது, உள்ளே ஒன்றும் இல்லை.'
சிரித்தார்.
தாள் ஜன்னல்வரை போவதும் வருவதுமாய்
ஒன்பது தடவை உதறிய இடத்தில் மட்டும்
'அப்போது ஒரு போன் வந்தது, லீவி' என்றார்.
யார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் கம்பளிக் காலுறை,
ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி.
மேலே ஒரு மனிதர் இருக்கிறாரா என்றே தெரியாது.

அன்றைய பதிவில்
மேஜை அசையவில்லை.
தாள் அசையவில்லை.
தாளின் மூலையில் வைத்த செப்புக்காசு
ஒட்டிவைத்தாற்போல் கிடந்தது.
பென்சில் முனை மட்டும்
ஒவ்வொரு பல்லைத் தொடுமுன்னும்
குளிர்ந்த நீரில் இறங்கத் தயங்கும் கால்விரல் மாதிரி
நடுங்கியது.

ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தேன்.
பழைய பதிவுகளையும் எடுத்து,
அவர் நடக்காத இடைவெளிகளாகத் தேடித் தேடிப் பார்த்தேன்.
அங்கேயும் இருந்தது.
நவம்பரிலேயே இருந்திருக்கிறது.

தாடையில் எழுபதுக்கு மேல் பற்கள்.
என்னுடையவை எல்லாம் சற்றே ரம்பம்போல.
'உயிரோடு இருக்கிறது' என்று பதில் வந்தது
அருங்காட்சியகத்திலிருந்து.

மாடிப்படியில் ஹெல்தூர் கேட்டார்:
'இப்போது ஆடவில்லைதானே?'

கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு
'தரை சில்லென்று இருக்குமே' என்றேன்,
'பூட்ஸ் போட்டுக்கொண்டே நடங்கள்.'